பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு

ஒரு மந்திரி செங்கடலைப் பார்க்கப் போனார். கடல் நீலமாக இருந்தது.

அவருக்கு முன்னும் எத்தனையோ பேர் அங்கே போயிருக்கிறார்கள். நீலத்தைப் பார்த்தார்கள், கால் நனைத்தார்கள், ஊர் திரும்பினார்கள். மந்திரி மட்டும் ஏமாற்றப்பட்ட மனிதராகத் திரும்பி வந்தார். கடலின் மேல் நடவடிக்கை எடுக்க வழியில்லாததால் எங்கள் மேல் எடுத்தார். பெயரில் சிவப்பை வைத்துக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும், அது உண்மையிலேயே சிவப்புதான் என்று சான்று வாங்காமல் விற்கவோ வாங்கவோ இடம் மாற்றவோ கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. சட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு வாரியம் வந்தது. வாரியத்துக்கு மூன்று மாடிக் கட்டடம் வந்தது. மந்திரி அடுத்த தேர்தலிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். வாரியம் போகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அங்கேயேதான் இருக்கிறது.

முழுப் பெயர் செம்பெயர்ப் பொருள் சரிபார்ப்பு வாரியம். வாய் வலிக்காமல் இருக்க நாங்கள் சிவப்பு ஆபீஸ் என்போம். உள்ளே இருப்பவர்கள் காதில் விழுந்தால் பதறுவார்கள். அந்தப் பெயருக்கு இன்னும் சான்று வாங்கவில்லையாம்.

நானும் அங்கே ஏழு மாதம் நடந்தவன். வீடு மாறும்போது ஒரு செவ்வந்தித் தொட்டியைப் பழைய வீட்டிலிருந்து புது வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருந்தது. பூ மஞ்சளாகப் பூத்துத் தொலைத்தது. அதனால் எந்த மின்விசிறி சுற்றும், எந்த பெஞ்சின் கால் ஆடும், எந்தக் குமாஸ்தா சாப்பாட்டுக்கு முன் கடிப்பார், எவர் சாப்பாட்டுக்குப் பின் கடிப்பார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பூட்டுக்காரர் உள்ளே வந்த அந்தத் திங்கட்கிழமை நான் ஆடும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பூட்டுக்காரரை எங்கள் பகுதியில் தெரியாதவர் இல்லை. குள்ளமான மனிதர். தோளில் ஒரு கருவிப் பை, நடந்தால் உள்ளே சாவிகள் கலகலக்கும். அவர் கைக்குத் திறக்காத பூட்டு இல்லை. ஆனால் சொந்தக்காரர் தன் வாயால் "திறங்க" என்று சொல்லாதவரை எந்தப் பூட்டின் மேலும் கை வைக்க மாட்டார். போலீஸ்காரரே கூட்டிப் போனாலும் "சொந்தக்காரர் எங்கே?" என்றுதான் கேட்பார். அவருடைய மனைவி சலவைக் கடை வைத்திருக்கிறாள். எண்ணெய், மை, துரு என்று எந்தக் கறைக்கும் அவளிடம் ஒரு வழி இருக்கும். என் சட்டைப் பையில் பேனா கசிந்தபோது "இதுக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க, சாயங்காலம் வாங்க" என்று வாங்கிப் போட்டவள் அவள்தான்.

அன்றைக்கு அவர் கையில் தெர்மாஸ் குடுவை மாதிரி ஒன்று இருந்தது. அதற்குள் பனிக்கட்டி. பனிக்கட்டிக்குள் விரல் நீளத்துக்கு, இரண்டு முனையும் ஒட்டப்பட்ட ஒரு குழாய்த் துண்டு. அதற்குள் அடர் சிவப்பாக ஏதோ இருந்தது.

"பொருள்?" என்றார் கவுண்டரில் இருந்த அம்மாள், தலை நிமிராமல்.

"சிவப்பணுங்க. என் சம்சாரத்துக்கு ஏத்தணும். வயித்துல ஆபரேஷன் பண்ணாங்க, ரத்தம் நிறைய போயிடுச்சு. அவளுக்கு எங்கயும் கிடைக்காத வகை. வெளியூர்லேருந்து ஒரே ஒரு பை வந்திருக்கு. ஆஸ்பத்திரி ரத்தக் கிடங்குல குளிர்பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. பேர்ல சிவப்பு இருக்காம், உங்க சான்று இல்லாம எடுக்க மாட்டேங்கறாங்க. இது அந்தப் பையோட மாதிரி. புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஏத்தலைன்னா..."

அவர் குடுவையைக் கவுண்டரில் வைத்தார்.

"ஏத்தலைன்னா?" என்றார் அம்மாள். படிவத்தில் 'தாமதத்தின் விளைவு' என்று ஒரு கட்டம் உண்டு. காலியாக விட முடியாது.

பூட்டுக்காரர் மெல்லச் சொன்னார். அம்மாள் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"விளைவு தற்காலிகமா, நிரந்தரமா?"

பெஞ்சில் இருந்த நாங்கள் எல்லாரும் தரையைப் பார்த்தோம்.

"வெறும் ரத்தம்னு சீட்டு எழுதியிருந்தா நீங்க எங்க கிட்ட வந்திருக்கவே வேண்டாம்," என்று அம்மாள் ஆறுதலாகச் சொன்னார். "ரத்தத்துல எங்களுக்கு ஒரு ஆட்சேபமும் கிடையாது."

"அப்ப டாக்டர்கிட்ட சொல்லி மாத்தி எழுதி வாங்கிட்டு வந்துடறேங்க!"

"இப்ப பதிஞ்சாச்சே. பதிஞ்ச பிறகு பேரை மாத்தினா பெயர் ஏய்ப்பு. மூணு மாசம் உள்ள போடுவாங்க. பாத்துக்கோங்க."

இனி அசல் சிவப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடத்தின் மேற்கு ஜன்னல் ஓரத்தில் பித்தளைச் சட்டம் போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணி. வாரியம் தொடங்கிய நாளில் பதினோரு பேர் கொண்ட குழு நாலு மாதம் உட்கார்ந்து பொறுக்கி எடுத்த சிவப்பு அது. 'பெட்டிக்குள் இருப்பதே சிவப்பு; பிறவற்றின் சிவப்பு அதனோடு ஒப்பிட்டே முடிவு செய்யப்படும்' என்பது நாலாம் விதி. பொதுமக்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று முதல் தலைவர் அதை ஜன்னல் பக்கமாக வைக்கச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாக மத்தியானம் இரண்டு மணியிலிருந்து வெயில் அதன் மேல்தான் விழுகிறது. துணி இப்போது காய்ச்சல்காரன் நாக்கு மாதிரி இருக்கிறது.

ஆகவே சிவப்பாக இருக்கும் எதுவும் பல வருஷமாகத் தேறுவதில்லை. செங்கல் சூளைக்காரர்கள் சோகை பிடித்த மாதிரிக் கல் அறுக்கக் கற்றுக்கொண்டார்கள். மழையில் கரைகிறது, ஆனால் சான்று கிடைக்கிறது. செங்கடலுக்கு 'நிபந்தனையுடன்' என்று எழுதியிருக்கிறார்கள். சிவப்புக் கம்பளம் பெரிய மனிதர்கள் நடக்கும் நேரத்துக்கு மட்டும் சிவப்பு. செவ்வாய் கிரகத்தின் கோப்பு, விண்ணப்பதாரர் நேரில் வராததால் நிலுவையில் இருக்கிறது. என் பக்கத்தில் எப்போதும் ஒரு ஆட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார். கயிற்றின் மறு முனையில் வெள்ளை வெளேரென்று ஒரு செம்மறி. அவர்தான் அங்கே நம்பிக்கையோடு இருந்த ஒரே ஆள்.

"துணி வருஷா வருஷம் வெளுத்துக்கிட்டே வருது சார். இன்னும் ரெண்டு வருஷம் வெயில் நல்லா அடிச்சா போதும். என் ஆடு பாஸாயிடும்."

இளநிலை ஒப்பீட்டாளர் என்று ஒரு இளைஞர், வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, குழாய்த் துண்டைக் கண்ணாடிக்கு வெளியே பிடித்தார். உள்ளே துணி, வெளியே சிவப்பணு. குழந்தைக்குக்கூடத் தெரியும். "பொருந்தவில்லை. மிகை," என்று அவர் எழுதினார். பூட்டுக்காரர் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு திரும்பி, யாரிடம் என்று இல்லாமல், "ரத்தம் இதுக்கு மேல எப்படிங்க இருக்கும்?" என்று கேட்டார்.

மேல்முறையீட்டுக்குத் தலைவரைப் பார்க்க வேண்டும். தனியாக அனுப்ப மனசு வரவில்லை, நானும் கூடப் போனேன். தலைவர் கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு பேசினார்.

"நாங்க யாரையும் கஷ்டப்படுத்தறதுக்காக இங்க உட்காரல. இந்த வாரியம் வர்றதுக்கு முன்னால என்ன நிலைமை தெரியுமா? எது சிவப்புன்னு கேட்டா மக்கள் கண்ணால பாத்துச் சொல்லிட்டு இருந்தாங்க. ஆளுக்கு ரெண்டு கண்ணு. எவ்வளவு குழப்பம் யோசிச்சுப் பாருங்க! அந்தக் குழப்பத்தை எல்லாம் இன்னிக்கு ஒரு பெட்டிக்குள்ள அடக்கி வச்சிருக்கோம். உங்க மனைவிக்கு உடம்பு முடியல, எனக்குப் புரியுது. நானும் குடும்பஸ்தன்தான். ஆனா ஒண்ணு சொல்லுங்க. இதை ஏத்தி, அவங்க பொழைச்சு, அதுக்கப்புறம் இது சிவப்பே இல்லைன்னு தெரிஞ்சா? பொழைச்சிட்டாங்கறதுக்காகத் தப்பு சரியாயிடுமா?"

"பொழைச்சா போதுங்க," என்றார் பூட்டுக்காரர்.

"இப்படித்தான் எல்லாரும் சொல்றாங்க," என்று தலைவர் வருத்தப்பட்டார்.

ஆனாலும் அவரே ஒரு வழி சொன்னார். கண்ணாடியில் இருக்கும் தூசியால்கூட நிறம் மாறித் தெரியலாம். பெட்டியைத் திறந்து நேருக்கு நேர் ஒப்பிடச் சொல்லிக் கேட்க ஒன்பதாம் விதியில் இடம் உண்டு. ஒரே ஒரு சிக்கல், சாவி இல்லை. முதல் தலைவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"எங்க போயிட்டார்? நான் போய் வாங்கிட்டு வர்றேங்க."

"செத்துட்டார். பூட்டுத் திறக்கறவங்க வேணும்னு பதினோரு வருஷமா விளம்பரம் குடுத்துக்கிட்டு இருக்கோம். விதிமுறை பாத்துட்டு ஒருத்தரும் வரல."

பூட்டுக்காரர் தோளிலிருந்து பையை இறக்கி மேசை மேல் வைத்தார். சாவிகள் கலகலத்தன. "நான் பூட்டுக்காரன்தாங்க. அரை நிமிஷ வேலை."

தலைவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது. விண்ணப்பதாரரே வேலையும் எடுக்கக் கூடாது. மூன்று புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான், விண்ணப்பதாரர் பூட்டுக்காரர் அல்ல, அவர் மனைவி என்பது தெரிந்தது. அதற்கு, அவர் ஏன் நேரில் வரவில்லை என்று ஒரு விளக்கம் எழுதி வாங்கினார்கள். வேலை உத்தரவு தட்டச்சாகி வருவதற்குள் மணி ஐந்தாகிவிட்டது.

"நாளைக்குக் காலையில வந்துடட்டுமாங்க?"

"நாளைக்கு செவ்வாய்க்கிழமை," என்றார் தலைவர், இது தெரியாதா என்கிற மாதிரி. அந்தக் கிழமையின் பெயரிலும் சிவப்பு இருக்கிறது. கிழமைக்கு இன்னும் சான்று கிடைக்கவில்லை. சான்றில்லாத ஒரு நாளில் வாரியம் எப்படி வேலை செய்யும்? மற்றவர்கள் அவரவர் வீட்டில் செவ்வாய்க்கிழமையை வைத்துக்கொள்வதில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லை. வாரியம் அதை அங்கீகரிக்கவில்லை, அவ்வளவுதான்.

அங்கீகரிக்கப்படாத அந்த நாள் முழுக்க நான் ஆஸ்பத்திரியில் அவரோடு இருந்தேன். முப்பது கட்டில் கூடத்தில் கடைசிக் கட்டில். அவளை எனக்கு அடையாளமே தெரியவில்லை. உதடு எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி வெளுத்துக் கிடந்தாள். கண்ணைத் திறக்காமலே, "கடையில ரெண்டு வாளி துணி ஊறப் போட்டுட்டு வந்தேன். அலசினீங்களா?" என்று கேட்டாள்.

"அலசிக் காயப் போட்டாச்சு," என்றார் பூட்டுக்காரர். அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து வீட்டுப் பக்கமே போகவில்லை.

டாக்டர் வந்து இமையை இழுத்துப் பார்த்தார், பூட்டுக்காரரின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ரத்தக் கிடங்கு கீழ்த்தளத்தில் இருந்தது. குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அந்தப் பை தெரிந்தது. கதவில் கட்டை விரல் அளவுக்கு ஒரு பூட்டு. முன்னால் கிடங்குக்காரர் இடுப்பில் சாவியோடு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரர் பூட்டைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அரை நிமிஷம்கூட ஆகாது. நான் அவர் காதில் அதைச் சொல்லியும்விட்டேன்.

"அது என் பூட்டு இல்லைங்க," என்றார். "ஆளுக்கு ஆள் அவசரம் இருக்கு. எனக்கு அவசரம்னு நான் திறந்தா, நாளைக்கு எவன் வீட்டுப் பூட்டுக்கு என்ன மரியாதை?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது யோசித்தால், அந்த நான்கு நாளில் விதியை மதித்த ஒரே ஆள் அவர்தான் என்று தோன்றுகிறது.

புதன்கிழமை பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறை என்பதால் சும்மா திறந்துவிட முடியவில்லை. நாற்காலிகள் போட்டார்கள். புகைப்படக்காரர் வர வேண்டும் என்றார்கள், வந்தார், விளக்கு மறந்துவிட்டது என்று திரும்பிப் போனார். தலைவர் பேசினார். துணைத் தலைவர் பேசினார். ஓய்வு பெற்ற ஒப்பீட்டாளர் ஒருவர், தான் பார்த்துப் பார்த்து நிராகரித்த பொருள்களை நினைவுகூர்ந்து கண்கலங்கினார். பூட்டுக்காரர் தெர்மாஸை மடியில் வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்தபடி இருந்தார். பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஒவ்வொரு கைதட்டலுக்கும் அவர் எழுந்து நின்றார், ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்தார்கள்.

ஒன்றரைக்குக் கூப்பிட்டார்கள். அவர் பெட்டி முன்னால் மண்டியிட்டு, வழக்கம்போல, "சொந்தக்காரர் யாருங்க?" என்றார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "வாரியத்தின் சார்பில்... திறக்கலாம்."

கம்பியை உள்ளே விட்டார், ஒரு திருப்பு, ஒரு தட்டு. மூடி திறந்தது. இருபத்திரண்டு வருஷக் களிம்பேறிய பித்தளைச் சட்டத்தின் ஓரம் அவர் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. தூக்கம் இல்லாத கை, இழுத்துக்கொள்ள ஒரு நொடி தாமதமாகிவிட்டது. ஒரு பெரிய சொட்டு ரத்தம் அசல் சிவப்பின் நட்ட நடுவில் விழுந்து பரவியது.

ஆட்டுக்காரர்தான் முதலில் கத்தினார். "அய்யோ, என் ஒன்பது வருஷம் போச்சே!" துணி மறுபடி சிவப்பாகிவிட்டால் அவருடைய ஆட்டுக்கு ஏது வழி?

துணைத் தலைவர் போலீஸைக் கூப்பிடு என்றார். துணியைத் துடை என்றார் ஒருவர், தொடாதே என்றார் இன்னொருவர். தலைவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு கையை உயர்த்தினார்.

"நாலாம் விதி என்ன சொல்லுது? பெட்டிக்குள்ள என்ன இருக்கோ அதுதான் சிவப்பு. எப்படி வந்துச்சுன்னு விதி கேக்கல. நாமளும் கேக்கக் கூடாது."

இளநிலை ஒப்பீட்டாளர் கையுறையோடு குழாய்த் துண்டைச் சொட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. "பொருந்துகிறது," என்றார். அவருடைய வேலைக்காலத்தில் நிஜமாகவே சிவப்பான எதற்கும் அந்தச் சொல்லை அவர் சொன்னதே இல்லை.

சான்று தட்டச்சாகி, தலைவர் கையெழுத்தும் போட்டார். முத்திரை மட்டும் பாக்கி. முத்திரை சிவப்பு மையில் இருக்க வேண்டும். மையைப் புது அசலோடு ஒப்பிட்டார்கள், பொருந்தவில்லை. மேல் மாடியிலிருந்து வேறு மை வந்தது, அதுவும் பொருந்தவில்லை. எல்லாப் புட்டியும் வெளுத்த துணிக்கு ஏற்றாற்போல் தண்ணீர் கலந்தவை. மணி மூன்று. அந்தக் கட்டடத்தில் அசல் சிவப்பு வேறு எங்கேயும் இல்லை என்று துணைத் தலைவர் அறிவித்தார்.

பூட்டுக்காரர் விரலில் சுற்றியிருந்த கைக்குட்டையை அவிழ்த்தார். காயத்தை அழுத்தினார். முத்திரைக் கட்டையின் முகத்தில் தடவினார், எழுத்து விடாமல், மூலை விடாமல், பூட்டுக்கு எண்ணெய் போடுகிற நிதானத்தோடு. "போதுங்களா?" என்று கேட்டார்.

"இந்த ஓரம் இன்னும் கொஞ்சம்," என்றார் தலைவர்.

வாடகை வண்டியில் போகும்போது அவர் சான்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மடித்தால் முத்திரை கலைந்துவிடுமோ என்று பயம். "பொழைச்சிடுவா இல்ல?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் நான் ஆமாம் என்றேன்.

கிடங்குக்காரர் சான்றை வாங்கிப் படித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "முத்திரை பழுப்பா இருக்கே," என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். ரத்தம் காய்ந்து பழுப்பாகிவிட்டிருந்தது. ரத்தம் வேறு என்ன செய்யும்?

"சிவப்பா இருந்தாத்தான் செல்லும். இருங்க, எதுக்கும் வாரியத்துல கேட்டுடறேன்." அவர் போனில் பேசினார். ரொம்ப நேரம் தலையாட்டினார். வைத்துவிட்டுச் சிரித்த முகத்தோடு திரும்பினார். "நல்ல சேதி. முத்திரை செல்லுமாம். அவங்க பெட்டியில இருக்கற சொட்டும் காஞ்சு பழுப்பாயிடுச்சாம். அதனால இப்ப பழுப்புதான் சிவப்பு. உங்க முத்திரை நல்ல சிவப்பு."

பூட்டுக்காரர் கைகூப்பினார். "அப்ப எடுத்துக் குடுங்கய்யா."

"பைதான் இப்ப இடிக்குது," என்றார் கிடங்குக்காரர். குளிர்பெட்டிக் கண்ணாடி வழியாக அந்தப் பையைப் பார்த்தார். "அது பழுப்பா இல்லையே."

மேலே இருந்து ஒரு நர்ஸ் படிக்கட்டில் ஓடி வந்தாள். "கடைசிக் கட்டில் அம்மாவுக்கு மூச்சு வாங்குது. டாக்டர் கேக்கறார், பை வந்துச்சா இல்லையா?"

அப்போது பூட்டுக்காரர் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன், அடிப்பார் என்று நினைத்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "அந்தப் பை மேல யாரு பேரு எழுதியிருக்குங்க?"

கிடங்குக்காரர் குனிந்து படித்தார். பூட்டுக்காரர் மனைவியின் பெயர். கட்டில் எண்ணும் இருந்தது.

"அப்ப சொந்தக்காரி மேலதான் இருக்கா," என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். மூன்று மாடி ஏறி, கடைசிக் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, மூச்சிரைக்க அவள் காதில் கேட்டார். "உன் பொருள் ஒண்ணு பூட்டிக் கிடக்கு. திறக்கட்டுமா?"

அவள் உதடு அசைந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"இதெல்லாமா கேப்பீங்க," என்றாள். "திறங்க."

இறங்கி வந்தவர் யாரையும் பார்க்கவில்லை. கம்பி, ஒரு திருப்பு, ஒரு தட்டு. நான் எண்ணவில்லை, ஆனால் அரை நிமிஷம் ஆகியிருக்காது. கிடங்குக்காரர் தடுக்கவில்லை. இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டே, "கேட்டிருந்தா நானே திறந்து விட்டிருப்பேன், ஆனா எனக்கு அதிகாரம் இல்ல பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையை நர்ஸிடம் கொடுத்தார் பூட்டுக்காரர். அவள் சான்றைப் பார்க்கவே இல்லை. "எனக்குப் பை நம்பர்தான் படிக்கத் தெரியும்," என்று சொல்லி, நம்பரைச் சரிபார்த்துக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாரியமே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டது. தலைவர், இளநிலை ஒப்பீட்டாளர், அவர் கையில் கண்ணாடிப் பெட்டி. பூட்டு இல்லாததால் அதைக் கயிற்றால் கட்டியிருந்தார்கள்.

அறிவிப்பைத் தலைவரே படித்தார். சான்றோடு பொருந்தாத சிவப்பணுக்களை இடம் மாற்றிய குற்றத்துக்காகப் பூட்டுக்காரர் மேல் வழக்கு. தவிர, மேற்படி சிவப்பணுக்களைப் பத்து நாளுக்குள் அசல் நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும்.

"எங்கேருந்துங்க ஒப்படைக்கறது?" என்றார் பூட்டுக்காரர்.

"அதைத்தான் ஆய்வு பண்ண வந்திருக்கோம். பொருள் இப்ப இவங்களுக்குள்ள இருக்கறதா தெரியுது." தலைவர் கட்டிலைக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்படியே இந்தப் பெட்டியைக் கொஞ்சம் பூட்டிக் குடுத்துடுங்களேன். திறந்தே கிடக்கறது பாதுகாப்பு இல்ல."

"பூட்டறேங்க. சொந்தக்காரர் யாரு? சார்புல எல்லாம் வேண்டாம், சொந்தக்காரரையே வரச் சொல்லுங்க."

தலைவர் ஒப்பீட்டாளரைப் பார்த்தார். ஒப்பீட்டாளர் பெட்டியைப் பார்த்தார். ஆய்வைத் தொடங்கலாம் என்று தலைவர் சொன்னார்.

கயிற்றை அவிழ்த்து, இடுக்கியால் துணியை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்தவளின் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார் ஒப்பீட்டாளர். ஓரமெல்லாம் வெளுத்து, நடுவில் பழுப்புத் திட்டோடு அந்த அசல் சிவப்பு முகத்துக்கு முன்னால் தொங்கியது. உதட்டில் லேசாக ஒரு நிறம் வந்திருந்தது. நேற்று அது இல்லை. அதற்கு என்ன பெயர் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் கண்ணைத் திறந்தாள். கையுறைக்காரரைப் பார்த்தாள், இடுக்கியைப் பார்த்தாள், கடைசியாகத் துணியைப் பார்த்தாள். பார்வை அங்கேயே நின்றது.

"எப்ப பட்டது?" என்றாள்.

"நேத்து மத்தியானம், ஒண்ணரை மணி," என்றார் ஒப்பீட்டாளர், தன்னை அறியாமல்.

"ரத்தக் கறை. சுடுதண்ணியில போட்டுடாதீங்க, அப்படியே தங்கிடும். பச்சத் தண்ணியில ஊற வச்சுக் கசக்குங்க, போயிடும்." மூச்சு வாங்கிக்கொண்டாள். இரண்டு விரலால் துணியின் ஓரத்தைத் தொட்டு, கடைக்கு வரும் வாடிக்கையாளரைப் பார்க்கிற மாதிரி தலைவரைப் பார்த்தாள்.

"ஆனா கறை போனாலும் பிரயோஜனம் இல்லைங்க. துணியே செத்துப் போச்சு. நல்ல சிவப்பாத்தான் இருந்திருக்கும். இதைப் போய் யாருங்க இவ்வளவு வருஷமா வெயில்ல போட்டு வச்சிருந்தது?"

பூட்டுக்காரர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்து, கூடத்தில் இருந்த முப்பது கட்டிலும் திரும்பிப் பார்க்கும்படி, அழுதார்.